வெள்ளைப் பொடியும் வெயிலும் தண்ணீரும்

டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற பெயர் வாயில் நுழையச் சற்றுச் சிரமப்படும். ஆனால் அந்தப் பொருள் நம் வீட்டுக்குள் நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் அது இருக்கிறது. முகப் பவுடரிலும், பல பற்பசைகளிலும், பிளாஸ்டிக் வாளியிலும், வழவழப்பான காகிதத்திலும் இருக்கிறது. தூய வெண்மை, மலிவான விலை, தண்ணீரில் கரையாத குணம் என்று பல சௌகரியங்கள் அதற்கு உண்டு.

இந்த வெள்ளைப் பொடிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சரியான ஒளி மேலே பட்டால், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் அழுக்கையும் கிருமியையும் எரித்துவிடும் வல்லமை அதற்கு உண்டு. அதே ஒளியைக் கொண்டு மின்சாரம் எடுக்கவும் உதவுகிறது. ஆகவே "சூரிய ஒளியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் அதிசயப் பொடி" என்று பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் நண்பர்கள் அந்தச் செய்தித் துணுக்குகளை எடுத்துவந்து, "இது உண்மையா?" என்று என்னைக் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் ஓர் எல்லைக்குள். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது, கல்கத்தாவிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் வாழும் நமக்கு உயிர்ப் பிரச்சினை.

கறுப்பு மணலிலிருந்து வந்தது

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள கருமணல் நினைவிருக்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனர் அந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதே மணலில் மோனசைட்டைவிட மிக அதிகமாக இருப்பது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனோடு சேர்ந்த கறுப்புத் தாது அது. அதிலிருந்து இரும்பை நீக்கினால் கிடைப்பதுதான் நம் வெள்ளைப் பொடி. கேரளத்தில் திருவனந்தபுரத்திலும் சவராவிலும் இதற்கென்றே பெரிய தொழிற்சாலைகள் உள்ளன.

டைட்டானியத்தை உலகுக்கு முதலில் காட்டியதும் ஒரு கறுப்பு மணல்தான். 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் தம் வட்டாரத்து மணலை ஆராய்ந்தபோது அதில் புதிய உலோகம் ஒன்று இருப்பதை உணர்ந்தார். 1795-இல் ஜெர்மனியின் கிளாப்ரோத் அதற்குக் கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டினார்.

இதன் ஒளிக் குணம் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது டோக்கியோவில். 1967-இல் ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, தண்ணீரில் டைட்டானியம் டை ஆக்ஸைடுப் படிகம் ஒன்றையும் பிளாட்டினம் ஒன்றையும் வைத்துக் கம்பியால் இணைத்தார். படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சியதும் படிகத்தில் ஆக்ஸிஜன் குமிழிகளும், பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் எழுந்தன. ஒளியே தண்ணீரைப் பிளந்தது! தம் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவுடன் சேர்ந்து 1972-இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். மறு ஆண்டே பெட்ரோல் நெருக்கடி வர, உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்களின் கண் இந்தப் பக்கம் திரும்பியது.

ஒளி பட்டால் என்ன நடக்கிறது?

ஒரு சினிமாக் கொட்டகையை எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லை. பால்கனியிலோ ஒருவரும் இல்லை. கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் எலெக்ட்ரான்கள். பால்கனிக்குப் போக டிக்கெட் வேண்டும். இந்தப் பொடியில் அந்த டிக்கெட்டின் விலை 3.2 எலெக்ட்ரான் வோல்ட். அவ்வளவு சக்தி கொண்ட ஒளித்துகள் ஒன்று வந்து மோதினால், ஓர் எலெக்ட்ரான் பால்கனிக்குத் தாவும். கீழே அதன் நாற்காலி காலியாகும்.

தாவிய எலெக்ட்ரானும் சும்மா இருக்காது, காலி நாற்காலியும் சும்மா இருக்காது. காலி இடம் பக்கத்திலுள்ள தண்ணீரிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது 'ஹைட்ராக்ஸில் ராடிகல்' என்ற மூர்க்கமான துகள் பிறக்கும். அது எதிர்ப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் கடித்துக் குதறி, கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும். பூச்சிமருந்து, சாயம், மருந்துக் கழிவு, பாக்டீரியாவின் மேலுறை எதுவும் அதற்குத் தப்பாது. 1976-இல் கனடாவில் கேரி குழுவினர் பி.சி.பி. என்ற பிடிவாதமான நச்சுப் பொருளை இப்படிச் சிதைத்தார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஃபிராங்கும் பார்டும் சயனைடை அழித்துக் காட்டினார்கள். 1985-இல் ஜப்பானில் மட்சுனாகா குழுவினர், பிளாட்டினம் சேர்த்த பொடியால் கிருமிகள் சாவதைக் காட்டினார்கள்.

இவ்வளவு சக்தியிருந்தும் ஏன் ஊருக்கு ஊர் இது குடிநீர் தரவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது, மேலே தாவிய எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை வேலை எதுவும் செய்யாமல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பின்னத்துக்குள் பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுகின்றன. இரண்டாவது காரணம்தான் பெரியது. அது டிக்கெட் விலை. 3.2 எலெக்ட்ரான் வோல்ட் என்றால் 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, அதாவது புற ஊதாக் கதிர் வேண்டும். தரைக்கு வந்து சேரும் சூரிய சக்தியில் புற ஊதாவின் பங்கு நூற்றில் நாலைந்துதான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு நாற்பதுக்கும் மேல். ஐந்தை வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும் பொடி இது. அப்படித் திருப்பி அனுப்புவதால்தான் நம் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரிகிறது.

பொடியைத் திருத்தும் வேலை

'மாற்றியமைக்கப்பட்ட டைட்டானியம் டை ஆக்ஸைடு' என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வருவதெல்லாம் இந்த இரண்டு குறைகளையும் போக்கச் செய்யும் வேலைகள்தான்.

ஒரு வழி, கீழ்த்தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு படி போட்டுக் கொடுப்பது. 2001-இல் ஜப்பானில் அசாஹி குழுவினர் பொடிக்குள் நைட்ரஜனைச் சிறிதளவு புகுத்தினார்கள். வெள்ளைப் பொடி மஞ்சளாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியையும் பயன்படுத்தத் தொடங்கியது. 2011-இல் கலிபோர்னியாவில் சென், மாவோ குழுவினர் ஹைட்ரஜன் வாயுவில் அழுத்தம் கொடுத்துச் சூடாக்கிக் கறுப்பு டைட்டானியம் டை ஆக்ஸைடையே உண்டாக்கினார்கள். ஆனால் போட்ட படியே சில சமயம் பள்ளமாகிவிடுகிறது. எலெக்ட்ரான்கள் அதில் சிக்கி, பழைய இடத்துக்குச் சீக்கிரமாகத் திரும்பிவிடுகின்றன. நிறம் கறுத்ததால் மட்டும் வேலை கூடிவிடாது.

இன்னொரு வழி, மேலே வந்த எலெக்ட்ரானை உடனே பிடித்துக்கொள்ள ஆள் வைப்பது. பொடியின் மேல் வெள்ளி, பிளாட்டினம் போன்ற உலோகத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தால் எலெக்ட்ரான் அங்கே போய்த் தங்கும். பொடியின் இரண்டு படிக வகைகளான அனட்டேஸையும் ரூட்டைலையும் கலந்து வைத்தாலும் ஓரளவு இதே பலன் கிடைக்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் அளவுகோலாக வைத்திருக்கும் 'பி 25' என்ற பொடி, ஏறத்தாழ நாலு பங்கு அனட்டேஸும் ஒரு பங்கு ரூட்டைலும் சேர்ந்ததுதான்.

மூன்றாவது சிக்கல் கைவேலை சம்பந்தப்பட்டது. நுண்பொடியைத் தண்ணீரில் கலப்பது எளிது, திரும்ப எடுப்பது கடினம். அதனால் கண்ணாடி மணியிலோ பீங்கானிலோ ஒட்டவைக்கிறார்கள். காந்தத்தால் இழுத்து எடுக்கும்படி, உள்ளே இரும்பு ஆக்ஸைடு வைத்தும் செய்கிறார்கள். ஒட்டவைத்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து வேலை மந்தமாகும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது.

எரிக்க முடியாத விஷம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1983-இல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராப்பிக்கல் மெடிசினில் தோல் நோய் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்த தடிப்புகளையும், உடம்பில் இருந்த கரும்புள்ளிகளையும் பார்த்து, இது ஆர்சனிக் விஷம் என்று கண்டுகொண்டார். நாட்டு மருத்துவத்தில் பாஷாணம் என்போமே, அதன் மூலப்பொருள்தான். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி மாவட்டம் மாவட்டமாகச் சென்று குழாய்க்கிணறுகளைச் சோதித்தார். மால்டா, முர்ஷிதாபாத், நதியா, வடக்கு, தெற்கு 24 பர்கனா என்று பட்டியல் நீண்டது.

இதில் எந்தத் தொழிற்சாலையின் கைவரிசையும் இல்லை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில் இரும்பு ஆக்ஸைடோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் வந்தது. நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1993-இல் விதித்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம்! நிறமில்லை, மணமில்லை, ருசியில் வித்தியாசமில்லை. பல ஆண்டுகள் குடித்த பிறகே உடம்பில் தெரியும். புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும்.

ஆர்சனிக் ஒரு தனிமம். பூச்சிமருந்தை எரித்துக் கரியமில வாயு ஆக்குவதுபோல் ஆர்சனிக்கை எந்த ஒளியாலும் எந்தப் பொடியாலும் எரித்துவிட முடியாது. அதன் வடிவத்தை மாற்றலாம், பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். நிலத்தடி நீரில் அதிகம் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட வடிவம். அதில் மின்னூட்டம் இல்லாததால் எதிலும் எளிதாக ஒட்டாது, விஷமும் அதிகம். டைட்டானியம் டை ஆக்ஸைடு ஒளியில் அதை ஐந்து இணைதிறன் வடிவமாக மாற்றும். மாறியதும் அதற்கு மின்னூட்டம் வந்துவிடுவதால் பொடியின் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். மாற்றும் வேலை, பிடிக்கும் வேலை இரண்டையும் ஒரே பொருள் செய்வது உண்மையிலேயே பெரிய விஷயம். குருணை வடிவ டைட்டானியம் ஆக்ஸைடு, ஆர்சனிக் வடிகட்டிகளுக்காக வெளிநாடுகளில் விற்பனைக்கே வந்திருக்கிறது.

ஆனால் பரப்பு நிறைந்ததும் பிடிப்பது நின்றுபோகும். வங்காளத்து நிலத்தடி நீரிலுள்ள பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதே இடத்துக்குப் போட்டி போடும். நிறைந்த பொடியை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு உருவாக்கிய 'அம்ரித்' முறையும் ஒட்டவைத்துப் பிடிப்பதுதான். அதில் டைட்டானியத்துக்குப் பதில் இரும்பின் ஆக்ஸி ஹைட்ராக்ஸைடு. மின்சாரம் தேவையில்லாத அந்த முறை பல மாநிலங்களில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. எந்தப் பொருளானாலும் மாற்ற வேண்டிய காலத்தில் மாற்ற ஓர் ஆள் வேண்டும். பராமரிப்பு இல்லாமல் கைவிடப்பட்ட வடிகட்டிகள் நம் மாவட்டங்களிலேயே உண்டு.

நீல மை வித்தை

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்புக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். கண்ணாடிக் குடுவையில் நீலச் சாயம் கலந்த தண்ணீர். அதில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டு மாடி வெயிலில் வைத்தார். முக்கால் மணி நேரத்தில் நீலம் மறைந்தது. "நானோ டைட்டானியம். கிருமி, பூச்சிமருந்து, ஆர்சனிக் எல்லாமே இப்படித்தான் மறைந்துபோகும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எதிர் வீட்டு மாமி என்னைத் தனியாக அழைத்து, "சார், நம்ம ஆத்துக்கு வேலைக்கு வர பொண்ணு பாருய்ப்பூர் பக்கத்துலேர்ந்து ரயில்ல வரா. அங்கே குழாய்க்கிணத்துத் தண்ணிதான். அவளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமான்னு பாக்கறேன். வாங்கலாமா?" என்று கேட்டார். எவ்வளவு நல்ல மனசு! அதனாலேயே அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நீலம் மறைந்தது என்பதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. சாயம் உண்மையிலேயே எரிந்து போயிருக்கலாம். எரியாமல் பொடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மெதிலீன் ப்ளூ போன்ற சாயமானால், சிதையாமல் நிறமற்ற வடிவத்துக்கு மாறியும் இருக்கலாம். தவிர, சாயம் தானே ஒளியை வாங்கிக்கொண்டு தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளவும் கூடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் உண்டு என்று அத்துறையினர் எச்சரித்திருக்கிறார்கள். எப்படியானாலும் சாயம் மறைந்தது ஆர்சனிக் மறைந்ததற்கு அத்தாட்சி ஆகாது. ஆர்சனிக் உள்ள தண்ணீர் முதலிலிருந்தே தெளிவாகத்தானே இருக்கிறது?

மாமியிடம் நான் சொன்னது இதுதான்: "பொடி வாங்கறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியைச் சோதிக்கணும். கொதிக்க வச்சாலும் ஆர்சனிக் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அதிகமாத்தான் ஆகும்." அந்தப் பெண் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாநிலப் பொது சுகாதாரப் பொறியியல் துறை ஆய்வகத்தில் கொடுத்தோம். வரம்புக்கு மேல்தான் இருந்தது. அவள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தோம். அது வரம்புக்குள் இருந்தது. இப்போது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அங்கிருந்து எடுத்து வருகிறாள். தினமும் இரண்டு குடம் கூடுதல் சுமை. மாமி கொடுக்க நினைத்த பணத்தில் மூடிபோட்ட குடங்கள் வந்தன.

அதே எலெக்ட்ரான், கம்பி வழியாக

தண்ணீரைச் சுத்தம் செய்யும் எலெக்ட்ரானையே கம்பியில் ஓடவிட்டால் மின்சாரம். வெள்ளைப் பொடி பார்வை ஒளியை வாங்காது என்ற குறையை 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்ஸலும் அழகாகச் சமாளித்தார்கள். நுண்பொடியாலான மெல்லிய படலத்தின் மேல் ஒரு சாயத்தைப் பூசினார்கள். ஒளியை வாங்குவது சாயத்தின் வேலை, எலெக்ட்ரானை வாங்கிக் கடத்துவது பொடியின் வேலை. இலையில் பச்சையம் செய்வதுபோன்ற வேலைப் பங்கீடு. சூரிய சக்தியில் நூற்றுக்கு ஏழுக்கு மேல் மின்சாரமாயிற்று. அப்போதைக்கு அது பெரிய சாதனை.

2009-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை வைத்தார்கள். தொடக்கத்தில் 3.8 சதவீதம்தான். இன்று அந்த வகைச் சிறு மின்கலங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் பலவற்றிலும் எலெக்ட்ரானைக் கடத்தும் அடுக்காக நம் வெள்ளைப் பொடி இருக்கிறது. ஆனால் அந்தப் படிகங்களில் பெரும்பாலும் ஈயம் உண்டு. உடைந்தால் அது தண்ணீரில் கலக்கக்கூடாதே என்ற கவலையும் கூடவே வருகிறது.

ஃபுஜிஷிமா கண்ட ஹைட்ரஜன் கனவும் தொடர்கிறது. 2021-இல் ஜப்பானில் டோமென் குழுவினர் நூறு சதுர மீட்டர் பரப்பில் தகடுகளை வெயிலில் விரித்து, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினார்கள். அதில் வைத்தது டைட்டானியம் டை ஆக்ஸைடின் நெருங்கிய உறவான ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். சூரிய சக்தியில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். பல மாதங்கள் பழுதில்லாமல் ஓடியது பெருமை, ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாதது நிலைமை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்பெயினின் அல்மேரியாவில் 1990-களிலிருந்தே வளைந்த கண்ணாடிகளால் வெயிலைத் திரட்டி, இந்தப் பொடியைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்து பார்த்திருக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவு, மருந்துக் கழிவு, பூச்சிமருந்து கலந்த நீர் இவற்றில் இதற்கு நல்ல எதிர்காலம் உண்டு என்பது என் கருத்து. வீட்டுக் குடிநீர் என்று யாராவது விற்க வந்தால் மட்டும் சில கேள்விகளைக் கேளுங்கள்.

இருட்டில் வைத்தால் என்ன ஆகிறது? பொடி போடாமல் வெயிலில் வைத்தால் என்ன ஆகிறது? இரண்டையும் காட்டாத செய்முறை, செய்முறையே அல்ல. சோதித்தது காய்ச்சி வடித்த நீரிலா, நம் குழாய் நீரிலா? குழாய் நீரிலுள்ள பைகார்பனேட், ஹைட்ராக்ஸில் ராடிகலைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். பொடி குடிநீரில் தங்காமல் எப்படிப் பிரிக்கிறீர்கள்? உணவில் இந்தப் பொடியைச் சேர்ப்பதை ஐரோப்பிய யூனியன் 2022-இல் தடை செய்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சனிக் போகும் என்றால், நுழையும் தண்ணீர், வெளிவரும் தண்ணீர் இரண்டுக்கும் ஆய்வக அறிக்கை எங்கே? பிடித்த ஆர்சனிக் எங்கே போகிறது? எத்தனை லிட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டும்?

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் பொடியே தேவையில்லை. தெளிந்த நீரைச் சுத்தமான, நிறமற்ற 'பெட்' பாட்டிலில் ஊற்றி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கவைப்பது உலகெங்கும் பழகிவந்த முறை. மேகமூட்டமென்றால் இரண்டு நாள். ஆனால் ஆர்சனிக்குக்கு அதுவும் பயன்படாது.

நகருக்குள் நம்மில் பலருக்கு ஹூக்ளி நீர் சுத்திகரித்து வருகிறது. நம் வீட்டு வேலைக்கும் கடைக்கும் மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். குழாய்க்கிணறு என்றால், ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சோதனைக்கு வழிகாட்டுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் ஆசிரியர் முகவரிக்கு ஒரு கார்டு போட்டால், எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புகிறேன்.